பெருங்கானல் நகரில் நிழல் வளர்த்த விதம்

சுர்ர்ர் என்று ஒரு சத்தம். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அதே சத்தம். பெருங்கானல் நகரில் அது அடுப்படியிலிருந்து வராது, பூங்காவிலிருந்துதான் வரும். காவலாளி தணிகாசலம் சறுக்குமரத்தில் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறார் என்று அர்த்தம். சுர் என்றால் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். சத்தம் வராவிட்டால் சறுக்கலாம். சித்திரை பிறந்ததிலிருந்து சத்தம் வராத நாளே கிடையாது.

அன்றைக்கும் மெகருன்னிசா தன் பிள்ளைகளோடு பூங்கா வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்னிக்கும் வெந்துதான் கெடக்கு, வாங்கடா" என்று திரும்பிப் போனாள். அந்த நேரம் பார்த்து நகராட்சி இன்ஜினியரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார்.

"குடும்பங்களுக்குன்னு கட்டின பூங்கா. ஒரு ஈ காக்காயக் காணோமே தணிகாசலம்?"

"வெயிலும்மா."

"நிழல் இல்லாத எடத்துக்கு யாரு வருவா? நிழலை வளத்து விடுங்க. தண்ணி ஊத்துங்க, எரு போடுங்க, பக்கத்துல இருந்து பாத்துக்கங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன். குடும்பம் குடும்பமா ஆளுங்க நிழல்ல உக்காந்திருக்கணும். இல்லேன்னா இந்த எடம் குப்பை லாரி நிறுத்தப் போயிடும்."

பூங்கா போனால் தணிகாசலத்தின் வேலை போச்சு. வேலை போனால் மனைவி செண்பகத்தின் அண்ணன் ஊறுகாய்க் கடை ஒன்றுதான் கதி. மச்சானிடம் கை கட்டி நிற்பதைவிட அந்த ஊறுகாய் ஜாடிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துவிடலாம் என்பது அவர் கருத்து.

குடியிருப்போர் நலச்சங்கம் அவசரமாகக் கூடியது. பூங்காவில் நிழல் என்று இருந்தது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒன்றுதான். அதில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். நிழல் நகர நகர, பேச்சை நிறுத்தாமல் அவர்களும் நாற்காலியோடு நகர்ந்தார்கள்.

"அம்மா சொன்னதக் கூட்டாம கொறைக்காமச் சொல்லுங்க" என்றார் தலைவர் பரஞ்சோதி.

"நிழலுக்குத் தண்ணி ஊத்தச் சொன்னாங்க. எரு போடச் சொன்னாங்க."

"தண்ணி வேர்ல ஊத்தணுமா, நுனியிலயா?" என்று கேட்டார் செயலாளர் இன்னாசி.

"நிழலுக்கு வேர் எது?" என்றார் தணிகாசலம்.

ஒருமுறை நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்த பிறகு பரஞ்சோதி சொன்னார்: "தொட்டியோட கால்கிட்டதான் தொடங்குது. அப்ப அதுதான் வேர்."

"படிச்சவர் படிச்சவர்தான் தலைவரே" என்றார் இன்னாசி.

மறுநாள் உச்சிப்பொழுதில் தணிகாசலம் போய்ப் பார்த்தபோது, நிழல் தொட்டியின் காலடியில் நாய்க்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. சாணி எரு வைத்து ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நிழல் மெல்லத் தலை நீட்டியது. டீ குடித்துவிட்டு வந்தால் ஊஞ்சலைத் தொட்டுவிட்டது. சாயங்காலம் சீசா பலகையையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"எருன்னா எரு, இதுதான் எரு" என்றார் இன்னாசி.

அன்றைக்குத் தணிகாசலம் நிம்மதியாகச் சாப்பிட்டார். ஊறுகாய் மட்டும் தொட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் உச்சிப்பொழுதில் மறுபடியும் நிழல் சுருண்டு கிடந்தது. சங்கம் ஓடி வந்தது. இன்னாசி குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "வெயில் பட்டு வாடியிருக்கு. இளசுல்ல" என்றார்.

"எளம்பயிருக்கு வெயில் ஆகாது. மேல பந்தல் போட்டுற வேண்டியதுதான்" என்றார் பரஞ்சோதி.

நிழல் எவ்வளவு வளர்ந்தாலும் வெயில் படக்கூடாது என்று, தொட்டியின் காலிலிருந்து சுற்றுச்சுவர் வரைக்கும் தென்னங்கீற்றுப் பந்தல் எழும்பியது. ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் அதற்குள் அடக்கம். கடைசிக் கீற்றைக் கட்டியதும் தணிகாசலம் ஆசையாக உள்ளே போய்ப் பார்த்தார். தொட்டியின் நிழலைக் காணவில்லை. டார்ச் அடித்துத் தேடினார். அடித்த இடத்தில் சுத்தமாக இல்லை.

"போயிடுச்சு தலைவரே" என்றார்.

பரஞ்சோதி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "எரு அதிகமோ?"

"எருவுல குத்தம் சொல்லாதீங்க" என்றார் இன்னாசி. "ஆயுசு அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை, நிழல் செத்துப்போன சேதி தெரு தெருவாகப் பரவியது. பந்தலும் போட்டிருக்கிறது, போகாமல் இருந்தால் நன்றாக இருக்குமா. பாயும் மோர்த்தூக்குமாகக் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தார்கள்.

"நல்லா வளந்துக்கிட்டிருந்துச்சே. முந்தாநாள்கூட அதுல உக்காந்துதான் கீரை ஆஞ்சேன்" என்றாள் ஒருத்தி.

மெகருன்னிசா பிள்ளைகளிடம், "துக்கத்துக்கு வந்திருக்கோம், சத்தம் போடக் கூடாது" என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தாள். பிள்ளைகள் சொன்னபடி கேட்டன. சத்தமே போடாமல் வரிசையில் நின்று சறுக்குமரத்தில் சறுக்கிக்கொண்டிருந்தன.

இன்ஜினியரம்மா வந்தார். தணிகாசலத்துக்கு மூக்கில் ஊறுகாய் வாசனையே அடித்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"காப்பாத்த முடியலம்மா."

"எதை?"

"நிழலை."

அம்மா பந்தலைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த சனத்தைப் பார்த்தார். "என்ன தணிகாசலம், தமாஷா? பூங்கா முழுக்க நிழலு. லாரிக்கு நாங்க வேற எடம் பாத்துக்கறோம்" என்று சொல்லி, ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

"தங்கமான பொம்பள" என்றாள் செண்பகம். "துக்கத்துல இருக்கறவங்க மனசு நோகக் கூடாதுன்னு எப்படிச் சொல்லிட்டுப் போறாங்க பாரு."

வேலை பிழைத்தது. ஆனாலும் தணிகாசலத்துக்கு மனசு ஆறவில்லை. துக்கம் கேட்டு முடிந்தால் பந்தலைப் பிரிப்பதுதான் முறை என்றார் பரஞ்சோதி. எல்லாருமாகச் சேர்ந்து கீற்றுகளை இறக்கினார்கள். மேற்கே சாய்ந்த வெயில் சுள்ளென்று உள்ளே விழுந்தது. தரையைப் பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

தொட்டியின் காலிலிருந்து சுற்றுச்சுவர் வரைக்கும், கொழுகொழுவென்று, நிழல் நீட்டிப் படுத்திருந்தது.

இன்னாசி மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தார். "சில்லுனு இருக்கு. உசுரு இருக்கு."

"இத்தன நேரம் மூச்சு முட்டிக் கெடந்திருக்கு" என்றார் பரஞ்சோதி. "பந்தல் போட்டதுதான் நம்ம செஞ்ச தப்பு."

இனிமேல் ஒரு கீற்றுகூடப் பூங்காவுக்குள் வரக்கூடாது என்று தீர்மானம் போட்டு, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓஸ் பைப்பை இழுத்துப் போய், நிழலின் வேரில் மெதுவாகத் தண்ணீர் விட ஆரம்பித்தார்.