சுடரைப் பார்த்தவள்

"சுடர் நிக்கவே மாட்டேங்குது டீச்சர்."

தணிகாசலம் டீச்சர் வீட்டு வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தியானம் சொல்லித்தரும் மாதங்கிக்கு இருபத்தாறு. அதனால் அவள் சொன்னதில் பாதியைத்தான் கேட்பார். அதுவும் பிடித்த பாதியை.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரு சோயா மெழுகுவர்த்தி கொடுத்திருந்தாள், கண்ணாடி டம்ளரில் ஊற்றியது. சுடரைப் பார்த்து உட்கார வேண்டும். மனசு அசையக் கூடாது.

இவருக்குச் சுடரே அசைகிறது. குதிக்கிறது, புகைகிறது, கண்ணாடியில் ஒரு பக்கம் கரி. தன் மனசில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டிவிட்டார்.

"திரியை நறுக்கினீங்களா? நீளமா இருந்தா சுடர் குதிக்கும்."

நறுக்கவில்லை. ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறது, வெக்கை தாங்கவில்லை. இருட்டு வேண்டுமென்று ஜன்னல் திரைச்சீலையையும் இழுத்துவிட்டிருக்கிறார்.

"அணைச்சிட்டுத்தானே வந்தீங்க?"

"இல்லையே. எரிஞ்சாத்தானே நீங்க வந்து பாக்க முடியும்."

"வீட்ல யாரு?"

"என் சம்சாரம் கோமளா. கால்ல மாவுக்கட்டு, கட்டில விட்டு இறங்க முடியாது. மாத்திரை போட்டுத் தூங்குறா. வெளிய பூட்டிட்டுத்தான் வந்தேன்."

மாதங்கி செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

அவர் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். மனசில் கோளாறா இல்லையா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

அடுத்த தெருதான். பூட்டின் முன்னால் நின்றால், சாவி சட்டைப் பையில் இல்லை. பேன்ட் பையிலும் இல்லை. உள்ளேயிருந்து துணி கருகும் வாசனை.

சாவி அவர் கையிலேயே இருந்தது.

கதவைத் திறந்தால், திரைச்சீலை உப்பிக்கொண்டு மெழுகுவர்த்திப் பக்கம் பறந்தது. ஓரம் கருகியிருந்தது. கோமளா கட்டில் விளிம்பில் பாதி தொங்கியபடி அதன் நுனியை முஷ்டியில் சுருட்டிப் பிடித்திருந்தாள். காற்று இழுத்தது. அவள் விடவில்லை. ஸ்டூலில் இருந்த டம்ளர் அவள் கைக்கு எட்டவில்லை. கண் மட்டும் சுடரை விட்டு நகரவில்லை.

தணிகாசலம் சொம்புத் தண்ணீரைத் தூக்கினார். மாதங்கி அவர் கையைத் தட்டிவிட்டாள். கொதிக்கிற மெழுகில் தண்ணீர் பட்டால் தெறிக்கும். ஃபேனை நிறுத்தினாள். எவர்சில்வர் தட்டு ஒன்றை டம்ளர் வாயில் கவிழ்த்தாள்.

சுடர் செத்தது.

"எவ்வளவு நேரமா பிடிச்சிருக்கீங்க?"

"தெரியல. கத்திப் பாத்தேன். கத்தினா பிடி தளருது. கத்துறத விட்டுட்டேன்."

"மனசுல என்ன ஓடுச்சு?"

கோமளா யோசித்தாள்.

"ஒண்ணுமே ஓடல."

சுடர் அணைந்த பிறகும் அவள் முஷ்டி பிரியவில்லை. பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சார், இங்க வந்து உக்காருங்க," என்றாள் மாதங்கி. "அவங்க விரலைப் பிரிச்சு விடுங்க."

"இதோ," என்றார் தணிகாசலம்.

அவர் திரி நறுக்கக் கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருந்தார்.