அறிவுள்ள மருந்து

ஒரு காட்டில், மண் என்று பேருக்குக்கூட இல்லாத பாறை மேட்டில், மாடப்பன் என்ற கரடி தன் மனைவி வேங்கம்மாவுடன் குடியிருந்தான். மாடப்பன் நல்லவன்தான். ஆனால் எதிலும் அவசரம். பலாப்பழத்தைப் பிளக்கப் பொறுமையில்லாமல் முள்ளோடு கடித்துவிட்டு, பிறகு வாயைப் பிடித்துக்கொண்டு அழுகிறவன்.

மண் இல்லாத இடத்தில் என்ன விளையும் என்று கேட்பீர்கள், குழந்தைகளே. அங்கே கத்தரிக்காய் விளைந்தது. குகைக்குப் பின்னால் ஒரு சுனை. சுனை நிறையக் கெண்டை மீன்கள். சுனைக்கு மேலே தொட்டி போல் குழிந்த பாறை ஒன்று. வேங்கம்மா அந்தக் குழியைக் கூழாங்கல்லால் நிரப்பிக் கத்தரி நாற்று நட்டிருந்தாள். தினமும் சுனைத் தண்ணீரை மொண்டு கல்லின் மேல் ஊற்றுவாள். மீன் கழிவு கலந்த அந்தத் தண்ணீர்தான் செடிக்கு உரம். செடி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, தெளிந்த தண்ணீர் குழியின் அடியில் இருந்த ஒரு துளை வழியாகச் சுனைக்கே வடியும். செடியும் தழைத்தது, மீனும் கொழுத்தது.

ஒரு கோடை நாள் காலையில் கத்தரி இலைகள் சுருண்டிருந்தன. திருப்பிப் பார்த்தால் அடியில் அசுவினிப் பூச்சிகள் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

அன்றைக்குப் பார்த்து மாமனார் விருந்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். “பாறையைத் தின்னவா என் பெண்ணைக் கொடுக்கிறேன்?” என்று கல்யாணப் பந்தலிலேயே கேட்டவர் அவர். அவருக்குக் கத்தரிக்காய்க் கூட்டு பரிமாற வேண்டும் என்பது மாடப்பனின் நெடுநாள் ஆசை.

நல்ல தண்ணீரை இலையின் அடியில் வேகமாக அடித்தால் பூச்சி உதிர்ந்துவிடும், ரொம்பச் சுருண்ட இலைகளைக் கிள்ளிவிடலாம் என்றாள் வேங்கம்மா. மாடப்பனுக்கு அது வைத்தியமாகவே தோன்றவில்லை. தண்ணீருக்கெல்லாம் சாகிற பூச்சியா இது என்று சொல்லிவிட்டு, கீரி வைத்தியர் முத்தாண்டியை அழைத்துவர ஓடினான்.

முத்தாண்டிக்குத் தெரியாத நோய் இந்தக் காட்டில் இல்லை. அப்படி அவரே சொல்லிக்கொள்வார். புகையிலையையும் எருக்கம்பாலையும் கலக்கிய ஒரு சுரைக்குடுவையோடு வந்தார். வைத்தியத்துக்குக் கூலி வேண்டாம், விருந்தில் முதல் பந்தியில் இடம் போதும் என்றார். குடுவையின் மூடியைத் திறந்ததும் பாறையில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகள் வரிசையை விட்டு ஓடின.

சுனையிலிருந்து வெள்ளச்சி என்ற மூத்த கெண்டை தலையை நீட்டினாள்.

“வைத்தியரே, இந்த மருந்து செடிக்கா, எங்களுக்கா?”

“செடிக்குத்தான். நீ கீழே இருக்கிறாய், உனக்கு என்ன?”

“நான் கீழேதான் இருக்கிறேன். மேலே ஊற்றுகிற தண்ணீரும் கீழேதானே வரும்?”

முத்தாண்டி சிரித்தார். “என் மருந்து அறிவுள்ள மருந்து. பூச்சியை மட்டும் தேடிப் பிடிக்கும். மற்றவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடும்.”

“அப்படியானால் உங்களைக் கண்டாலும் ஒதுங்கும். முதலில் நீங்கள் ஒரு வாய் குடித்துக் காட்டுங்கள்” என்றாள் வெள்ளச்சி.

முத்தாண்டி குடுவையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “இன்று எனக்கு விரதம்” என்றார்.

விருந்துக்கு முதல் பந்தி கேட்டவருக்கு விரதம் எங்கிருந்து வந்தது? மாடப்பனுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் அது அவன் மூளைக்கு வந்து சேர்வதற்குள் கை குடுவையைப் பிடுங்கி, மருந்தில் பாதியை முதல் செடியின் மேல் கவிழ்த்துவிட்டது.

மருந்து இலையை நனைத்தது. கூழாங்கல்லுக்குள் இறங்கியது. துளை வழியாகச் சொட்டியது. இரண்டு சொட்டு விழுந்ததுமே துளைக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்த மீன்குஞ்சுகள் மல்லாந்தன.

“அடைப்பா துளையை!” என்று கத்தினாள் வெள்ளச்சி.

மாடப்பன் கூழாங்கல்லை வாரி எறிந்துவிட்டுத் தன் கையையே துளைக்குள் செருகினான். அவசரக் கை அல்லவா, முழங்கை வரை போய் இறுகிக்கொண்டது. அதுவும் நல்லதாயிற்று; ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

மாமனார் வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை தொட்டிக்குள் குப்புறக் கிடந்தான்.

“வாங்க மாமா” என்றான், எழுந்திருக்க முடியாமல்.

நடந்ததை வேங்கம்மா சொன்னாள். பெரியவர் குடத்தை எடுத்துக்கொண்டார். இதற்குள் புதருக்குள் நழுவப் பார்த்த முத்தாண்டியின் வாலை வேங்கம்மா மிதித்துக்கொண்டு, அவர் தலையிலும் ஒரு குடத்தை வைத்தாள்.

வேங்கம்மா தொட்டியில் தேங்கிய விஷத் தண்ணீரை மொண்டு மேட்டின் மறுபக்கத்து வெறும் பாறையில் கொட்டினாள். நனைந்த செடியை வேரோடு பிடுங்கி அங்கேயே எறிந்தாள். மாமனாரும் வைத்தியரும் ஓடைக்கும் மேட்டுக்குமாக நடந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதலில் மயங்கிய குஞ்சுகள் இருந்த இடத்தில் ஊற்றினார்கள். பிறகு கல்லைத் திரும்பத் திரும்பக் கழுவி, அந்தத் தண்ணீரையும் மொண்டு வெளியே கொட்டினார்கள். தொட்டியில் நாற்றம் போய்விட்டதா என்று முகர்ந்து சொல்லும் வேலை, மூக்கு அங்கேயே இருந்ததால், மாடப்பனுக்கு வாய்த்தது.

பொழுது சாயும்போது குஞ்சுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நீந்தின. அதை வெள்ளச்சி சொன்ன பிறகுதான் மாடப்பன் கையை உருவச் சம்மதித்தான். மாமனார் அவன் காலைப் பிடித்து இழுக்க, கை வந்தது; முழங்கை மயிர் துளையிலேயே தங்கிவிட்டது.

பிறகு மற்றச் செடிகளின் இலைகளுக்கு அடியில் வேங்கம்மா நல்ல தண்ணீரை வீசி அடித்தாள். அசுவினிகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்து தண்ணீரோடு துளை வழியே சுனையில் விழுந்தன. கெண்டைகள் வாயைத் திறந்துகொண்டு கூடின. பயந்து ஒதுங்கியிருந்த குஞ்சுகளும் வந்துவிட்டன. மறுநாளும் அடிக்க வேண்டும், மிச்சம் மீதி இருக்கும் என்று வெள்ளச்சி வாய் நிறையச் சொன்னாள்.

மதிய விருந்து ராத்திரிச் சாப்பாடாயிற்று. குடம் சுமந்த பசியில் மாமனார் கூட்டை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உழைத்தவருக்குச் சோறு போடாமல் அனுப்பக் கூடாது என்று வேங்கம்மா வைத்தியருக்கும் ஓர் இலை போட்டாள்.

முத்தாண்டி கத்தரிக்காயைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு பக்கத்தில் இருந்த மாடப்பனின் காதருகே குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

“இது எந்தச் செடியில் பறித்தது?”

நீதி: ஒரே தண்ணீரில் வாழ்பவர்களில் ஒருவருக்கு ஊற்றும் மருந்து எல்லோருக்கும் போய்ச் சேரும், ஊற்றும் முன் யோசி.