முளையடித்த வானம்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி. நடுவில் இடம் விட்டு உட்கார்ந்து கேட்கிற கதை இல்லை இது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அந்தக் காலத்தில் வானம் ஒரே வெள்ளைத் துணி. அதில் மின்மினிகள் குடியிருந்தன, சாணுக்கு ஒரு வீடாக, நட்ட நாற்று மாதிரி. இருட்டு என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது.

கீழே இலந்தைப் புதரில் நூலாயி என்ற சிலந்தி இருந்தாள். பெரிய வலை பின்னுவதற்கு முன்னால் சின்னதாக ஒன்று பின்னிப் பார்ப்பாள். எங்கே இழுக்கும், எங்கே அறும் என்று அதிலேயே தெரிந்துவிடும். அவள் சொல்லித் தப்பியதில்லை.

ஒருநாள் பொன்னரி என்ற மின்மினி வானத்திலிருந்து அவளிடம் இறங்கி வந்தாள்.

"அக்கா, பக்கத்து வீட்டுக்காரி ஒரு சாண் தள்ளிப் போயிட்டா. கேட்டா, நான் நின்ன இடத்துலதான் நிக்கிறேங்கறா. கிழக்கே ஒரே நெரிசலா இருக்கு. முட்டையைத் தூக்கிக்கிட்டு அந்தக் கூட்டத்தோட போயிரட்டுமா? இப்பத் தூக்கினா பாதி உடைஞ்சிரும். பொரிக்கிற மட்டும் இருந்தா அத்தனையும் பிழைக்கும்."

"அவசரப்படாதே. பின்னிப் பாத்துச் சொல்றேன்."

நூலாயி வானத்தைப் போலவே ஒரு சின்ன வலை பின்னினாள். வீட்டுக்கு ஒரு பனித்துளி வைத்தாள். கிழக்கே மட்டும் ஒரு துளி கூடுதலாக வைத்தாள். பிறகு சுற்றிலும் முள்ளில் இழுத்து, விண்ணென்று கட்டினாள். தொய்ந்த வலை என்றால் அவள் குலத்துக்கே தலைகுனிவு. அதுவும் வானத்து வலை, சும்மாவா?

ஒரு பகல் முழுக்கப் பார்த்தாள். ஒரு துளியும் மயிரிழை நகரவில்லை.

"ஒண்ணும் ஆகாது. இரு," என்றாள். பொன்னரி முகம் தெளிந்து வானத்துக்குத் திரும்பினாள்.

மறுநாள் சாணி வண்டு சடையன் தன் உருண்டையை உருட்டிக்கொண்டு வந்தான். வலையை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன நூலாயி, கட்டிலுக்குக் கயிறு கட்டுறியா?"

"வானம்டா அது."

"வானத்துக்கு முளையடிச்சது யாரு? என் உருண்டையை மணல்ல வச்சாலே மணல் குழியுது. குழிஞ்ச பக்கம்தான் அடுத்த உருண்டையும் ஓடுது. உன் வானம் என்னடான்னா கல்லு மாதிரி நிக்குது."

நூலாயிக்குச் சுருக்கென்றது. அவன் வாயை அடைக்கத்தான் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

துளி இருந்த இடத்தில் இழை குழிந்தது. அந்தக் குழிக்குள் பக்கத்துத் துளி வழுக்கியது. பாரம் கூடக் கூடக் குழி ஆழமாயிற்று. ஆழமாக ஆக, இன்னும் நாலு துளி வந்து விழுந்தன. துளிகள் இழையோரமாக வரிசை கட்டிப் போய் முடிச்சுகளில் திரண்டன. மற்ற இடமெல்லாம் நீண்டு நீண்டு வெறும் ஓட்டையாயிற்று. ஓர் ஓட்டையின் நடுவே ஒரே ஒரு துளி. அது யார் வீடு என்று நூலாயி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சடையன் சிரிப்பை நிறுத்தினான். "போ நூலாயி, ஓடு," என்றான்.

நூலாயி நூல் விட்டு வானத்துக்கு ஏறினாள். அங்கே எல்லாம் தொடங்கிவிட்டிருந்தது. அவள் ஒரு முழம் நூல் விட்டால், நடுவில் துணி ஒன்றரை முழம் நீண்டது. தூரத்தில் பொன்னரி முட்டைகளை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பொன்னரி, உடைஞ்சாலும் பரவால்ல, தூக்கிக்கிட்டு வாடி. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"வந்துக்கிட்டுத்தான் இருக்கேன் அக்கா. வர வர நீங்க தள்ளிப் போறீங்களே."

"நான் நின்ன இடத்துலதாண்டி நிக்கிறேன்."

மஞ்சளாக இருந்த பொன்னரியின் வெளிச்சம் சிவந்தது. சிவந்து, மங்கி, இல்லாமல் போயிற்று. குரல் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. "ஒரு முட்டை பொரிஞ்சிருச்சு அக்கா," என்றது. பிறகு அதுவும் வரவில்லை.

அன்று முதல்தான் வானத்து வெளிச்சமெல்லாம் இழை இழையாய்க் கூடிக் கிடக்கிறது, நடுநடுவே ஒன்றுமில்லாத கறுப்பு.

நூலாயி இறங்கி வந்தாள். முளையடித்த வலையைப் பிய்த்து, ஓர் இழை மிச்சமில்லாமல் தின்றாள். மறுபடி பின்னினாள், துளி வைத்தாள், எந்தக் கட்டுகளை எப்போது தளர்த்தியிருந்தால் அந்த ஒரு துளி கூட்டத்தோடு சேர்ந்திருக்கும் என்று பார்த்தாள். சேரவில்லை. அதையும் தின்றாள். அன்று முதல்தான் சிலந்தி தன் வலையைத் தானே தின்றுவிட்டுப் புதிதாகப் பின்னுகிறது. பின்னி முடித்ததும் அவள் நடுவில் போய் உட்கார்ந்தாள். எட்டுக் காலையும் எட்டு இழையில் வைத்து, எங்காவது லேசாகக் குழிகிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.