வாழைப்பூவுக்குள் கள்ளன் வந்த கதை

அந்தக் காலத்தில், மரம் மட்டை, பூச்சி பொட்டு எல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, வாழைப்பூ வானத்தைப் பார்த்து நிமிர்ந்துதான் நிற்கும். நிறமும் இப்போதைய நிறம் இல்லை, தும்பைப்பூ வெள்ளை. மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, கொக்குகள் எந்த வயலில் இறங்குகின்றன என்று மேலே பார்த்துக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லும். அந்தக் குரலைக் கேட்பதற்கென்றே தோப்புக்குப் போனவர்கள் உண்டு. இப்போது போய்க் காதை வைத்தால் இலை காற்றில் கிழியும் சத்தம்தான் கேட்கும். நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஆற்றங்கரையில் இருந்த அந்த வாழைத்தோப்பு பெண்களுடையது. எழுதி வைத்த உரிமை எதுவும் கிடையாது. ஆண்கள் வந்தால் மரங்கள் சட்டென்று பேச்சை நிறுத்திவிடும். அவர்களும் இங்கே என்ன இருக்கிறது என்று திரும்பிவிடுவார்கள். பெண்கள் வந்துவிட்டாலோ கச்சேரிதான். உடம்புக்கு எது வந்தாலும் அங்கே வாய்விட்டுச் சொல்லலாம். ஒருத்தி இந்த மாதம் தள்ளிப்போய்விட்டதே என்பாள். உடனே வேலியோரத்து எள், “என்னை வெல்லத்தோட இடிச்சுத் தின்னு பாரேன்” என்று குரல் கொடுக்கும். இன்னொருத்தி இடுப்பு விட்டுப்போகிறது என்று உட்கார்ந்தால் உளுந்து விடாது. “களி கிண்டு. நல்லெண்ணெயைக் கஞ்சத்தனம் பண்ணாம ஊத்து.” பிரண்டைக்கும் கற்றாழைக்கும் யார் பெரிய வைத்தியர் என்று ஓயாத சண்டை. அந்தச் சண்டையைக் கேட்டுச் சிரித்தே பாதி வலி போய்விடும்.

காத்தாயி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் அவள் கையைப் பிடித்துத் தோப்புக்குக் கூட்டிப்போனவள் செங்கமலம். கணவனின் அண்ணன் மனைவி, அதாவது ஓரகத்தி. ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் முட்டிக்கொள்வார்கள் என்று ஊர் எதிர்பார்த்தது. இவர்களோ ஒரே இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தியாகச் சாப்பிட்டார்கள். ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதே தோப்பில் கள்ளன் என்று ஒரு பிறவியும் குடியிருந்தான். மனிதனிலும் சேர்த்தி இல்லை, பூச்சியிலும் சேர்த்தி இல்லை. நூல் மாதிரி உடம்பு. அதன் மேல் கொஞ்சமும் பொருந்தாமல் ஓர் உருண்டைத் தலை. அவனுக்கு ஒரு பெரிய கூட்டமே உறவு. பொன்னையும் பொருளையும் தொடமாட்டார்கள். பேச்சைத்தான் திருடுவார்கள். இலைமறைவில் இருந்து பெண்கள் பேசுவதைக் கேட்டு, ஒரு நக்கு வெல்லப்பாகு கொடுப்பவர்களிடம் போய் ஒப்பித்துவிடுவார்கள்.

செங்கமலத்துக்குப் பிள்ளை இல்லை. ஒருநாள் அவள் தனியாகத் தோப்புக்குப் போய் வாழைப்பூவோடு வெகுநேரம் பேசிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். என்ன அக்கா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். காத்தாயிக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் சொல்லாததை மரத்திடம் சொல்வாளா? கொல்லைப்புறத்தில் கள்ளனைக் கூப்பிட்டு விரல்நுனியில் பாகைத் தொட்டு நீட்டினாள்.

“அவங்களுக்கு மாசா மாசம் வரவேண்டியது வர்றதே இல்லையாம். அதைச் சொல்லித்தான் அழுதாங்க” என்றான் கள்ளன், விரலை நக்கிக்கொண்டே.

காத்தாயிக்கு மனசு கரைந்துபோயிற்று. ஆனால் ஒருத்தியிடம் விற்றதை ஊருக்கே விற்பதில் கள்ளனுக்கு என்ன தயக்கம்? படித்துறையில் விற்றான். சந்தையில் விற்றான். வீட்டில் பெரியவனுக்கு, அதாவது செங்கமலத்தின் கணவனுக்கு, இரண்டாம் கல்யாணப் பேச்சு எழுந்து, பெரிய ரகளையாகி, ஒருவழியாக அடங்கியது. முதலில் பாகு கொடுத்தது யார் என்பதையும் கள்ளன் செங்கமலத்திடமே போய் விற்றான். அவள் சண்டைக்கு வரவில்லை. காத்தாயியோடு பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். மற்ற பெண்களுக்கும் பயம் வந்துவிட்டது. தோப்புக்குப் போவதை ஒவ்வொருத்தியாக விட்டார்கள்.

வருஷங்கள் ஓடின. காத்தாயி இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானாள். அதன் பிறகு அவள் உடம்பு அவளுக்கே பிடிபடாமல் போயிற்று. மாதவிலக்கு வந்தால் நிற்பதில்லை. நின்றுவிட்டது என்று தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தால் மறுபடியும். உதடு வெளுத்துவிட்டது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கியது. இப்படியே போனால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற பயம் அவளைத் தின்றது. ஆனால் யாரிடம் சொல்வது? எந்த இலைக்குப் பின்னால் எவன் இருக்கிறானோ!

பாயில் படுத்துக்கொண்டு அவள் பழைய காலைகளையே நினைத்துக்கொண்டிருப்பாள். ஈரத் தலையோடு தோப்புக்குள் நுழைந்ததும் எல்லா மரமும் ஒரே நேரத்தில் “வாடி வா” என்னும். அக்கா சிரிப்பை அடக்கமுடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். வயிற்றுவலி என்று போய் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வருவார்கள். அதையெல்லாம் வெல்லப்பாகு கொடுத்துக் கெடுத்தவள் தான்தான் என்பதை நினைத்தால் நோவைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

கடைசியில் ஒருநாள் காலை, மெதுவாகச் சுவரைப் பிடித்து, வேலியைப் பிடித்துத் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். வாழை மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

மேலிருந்து பூ கேட்டது. “என்னடி காத்தாயி, இப்படி வெளுத்துப்போயிட்டே? சொல்லேன்.”

“சொல்ல மாட்டேன். கள்ளன் கேட்டுக்கிட்டு இருப்பான்.”

“காதோட சொல்லு.”

“உன் காது அங்க உச்சியில இருக்கே. சத்தம் போட்டுத்தான் சொல்லணும்.”

பூ யோசித்தது. அதன் தண்டு ஒருமுறை வளைந்தால் திரும்ப நிமிராது. அது அதற்கு நன்றாகத் தெரியும்.

“கொஞ்சம் இரு. அந்தக் கொக்கு வரிசையை மட்டும் பாத்துக்கறேன்” என்றது.

கொக்குகள் ஆற்றைத் தாண்டிப் போய் மறைந்தன. பூ குனிந்தது. குனிந்து குனிந்து காத்தாயியின் வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

வாழைப்பூ குனிந்து யாரும் கண்டதில்லை. அப்படியானால் அது எவ்வளவு பெரிய ரகசியமாக இருக்க வேண்டும்! கள்ளன் கூட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. அப்பன், பிள்ளை, மாமன், மச்சான் என்று அத்தனை பேரும் முண்டியடித்துக்கொண்டு மடல்களுக்குள் புகுந்தார்கள். உள்ளே இருந்த சின்னப் பூக்களில் பூவுக்கு ஒருவனாக ஒளிந்துகொண்டு காதைத் தீட்டினார்கள்.

காத்தாயி சொன்னாள். சொல்லச் சொல்லப் பூவின் வெள்ளை மாறியது. முதலில் சிவந்தது, பிறகு கருஞ்சிவப்பானது.

“இவ்வளவு ரத்தத்தையா வாயைத் திறக்காம சிந்திக்கிட்டு இருந்தே?” என்று அழுதது. அழுதுகொண்டே மடலின் மேல் மடலாக இறுக மூடிக்கொண்டது. உள்ளே கள்ளன்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

“காய் பிடிச்சாச்சு. இனிமே நான் இங்கே தொங்கி என்ன பண்ணப்போறேன்? என்னை ஒடிச்சுக்கிட்டுப் போ” என்றது பூ. “பொடியா நறுக்கி மோர்ல போடு. வதக்கித் தயிரோட சாப்பிடு. என் துவர்ப்பு உனக்கு ஆகும். ஆனா கள்ளனை ஒருத்தன் விடாம எடுத்துடணும். அவன் வேகமாட்டான். வயித்துக்குள்ள போனாலும் சும்மா இருக்கமாட்டான்.”

காத்தாயி பூவை மடியில் கட்டிக்கொண்டு வந்து கொல்லையில் உட்கார்ந்தாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தார்கள் கள்ளன்கள். பிசின் விரலில் ஒட்டிக் கறுத்தது. பாதிப் பூகூட ஆகவில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கிணற்றடியில் செங்கமலம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். குடத்தை இடுப்பில் வைத்தவள் அப்படியே நின்றாள்.

“சேலையில என்னடி கறை?”

எத்தனை வருஷம் கழித்துக் கேட்கும் குரல்!

“வாழைக்கறைக்கா.”

“அவ்வளவுமா?”

காத்தாயி முந்தானையை இழுத்துக் கறையை மூடினாள். செங்கமலம் குடத்தை இறக்கிவைத்தாள். எதிரில் வந்து உட்கார்ந்து, பாதிப் பூவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து ஆய்ந்தார்கள்.

“அக்கா, அன்னைக்கு அவனுக்குப் பாகு கொடுத்தது நான்தான்.”

“தெரியும். அந்தப் பூவுல ஒருத்தன் இருக்கான் பாரு, எடு.”

“தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?”

செங்கமலம் ஒரு கள்ளனைக் கிள்ளி எடுத்துத் தூர எறிந்தாள். “மறுநாளே உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்டி. அழுத முகத்தோட சொல்ல வேண்டாமேன்னு ஒருநாள் தள்ளிப்போட்டேன். அதுக்குள்ள நீ வாங்கிட்டே.”

காத்தாயி வாய்விட்டு அழுதாள். செங்கமலம் பிசின் படிந்த கையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தாள். காத்தாயி தன் கதையைச் சொன்னாள். பொரியல் அடுப்பில் ஏறும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மறுநாளும் ஒரு பூ வந்தது, அதற்கு மறுநாளும். காத்தாயி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். செங்கமலத்துக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்காதீர்கள், தெரியாது. ஒரே இலையில் சாப்பிட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

மரங்கள் பேச்சை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. வாழைப்பூ மட்டும், எந்த ஊரில் எந்தத் தோப்பில் பூத்தாலும், யாரோ ஒருத்தி வந்து காதோடு சொல்வாள் என்று குனிந்தே காத்திருக்கிறது. அதைக் கேட்கக் கள்ளனும் உள்ளே ஒளிந்திருக்கிறான். அன்று முதல்தான், வாழைப்பூவை ஆய்வதற்குப் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி துணையாக உட்காருகிறார்கள். கள்ளனை எடுத்து எறிந்துவிட்டு, வேறு எங்கும் சொல்லாததை அங்கேதான் சொல்லிக்கொள்கிறார்கள்.