நாலாவது காம்பு

முன்னொரு காலத்தில், மாடுகளுக்குப் பெயர் வைத்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பார்களே, அந்தக் காலத்தில், தும்பைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு இளவரசன் செய்த காரியத்தைக் கேட்டால் உங்களுக்குத் தூக்கிவாரிப்போடும். அவன் தன் குதிரையின் குளம்புகளைப் பாலில் கழுவினான்!

ஆமாம், பாலில்! குடம் குடமாக! பால் கொண்டுவந்த மாட்டுக்காரி குருவம்மா பதறிப்போனாள்.

"ஐயோ சாமி, கன்னுக்கு விட்டது போக மிச்சம் புடிச்ச பாலு. கீழ ஊத்தாதீங்க!"

"கன்றா? பால் குடத்திலிருந்துதானே வருகிறது?" என்று சிரித்தான் இளவரசன். நெல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சமையலறையிலிருந்து என்பான். அவன் படித்த படிப்பு அவ்வளவுதான்.

அரண்மனை விருந்துக்கு வந்திருந்த ஒரு மாயாவி இதைப் பார்த்தான். கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினான். குதிரை நிற்கிறது, பால் ஓடுகிறது, இளவரசனைக் காணோம்!

ராஜா உதயசேனர் ஓடிவந்து மாயாவியின் காலைக் கட்டிக்கொண்டார்.

"உன் மகன் உன் நாட்டில்தான் இருக்கிறான். பசியோடு இருக்கிறான். நீ உன் கையால் ஊட்டும் அன்றைக்கு உன்னிடம் வருவான்" என்று சொல்லிவிட்டு மாயாவி மறைந்துபோனான்.

ராஜா என்ன செய்தார் தெரியுமா? மகன் எந்நேரம் வந்தாலும் ஊட்ட வேண்டுமே என்று, நாட்டிலுள்ள பாலையும் நெல்லையும் அரண்மனைக்கு அள்ளிவரச் சொன்னார். அண்டா அண்டாவாகப் பாயசம் கொதித்தது. பெற்ற மனசு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நெல்லை விளைவித்தவர்கள் வீட்டில் உலை ஏறவில்லையே!

அந்தச் சமயத்தில் குருவம்மாவின் தொழுவத்துக்கு ஒரு செவலைக் கன்று வழிதவறி வந்தது. அவளுடைய மயிலைப் பசு தன் கன்றைப் பறிகொடுத்து நின்றது. வந்த கன்றை நக்கிக் கொடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

காவலர்கள் வந்தார்கள். "சொட்டு விடாமல் கற!"

"மூணு காம்பு உங்களுக்கு, ஒரு காம்பு கன்னுக்கு" என்றாள் குருவம்மா. முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

மறுபடி வந்தார்கள். "மூணு காம்பு உங்களுக்கு, ஒரு காம்பு கன்னுக்கு" என்றாள். அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு நாலாவது காம்பையும் கறந்தார்கள். அன்று முதல் தினமும் அதே அநியாயம். கன்றுக்கு விலா எலும்பு தெரிந்தது. எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

ஒருநாள் அவள் பசுவை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சேதி கேட்டு, உருவிய வாளோடு ராஜாவே வந்துவிட்டார்!

"என் மகன் பட்டினி கிடக்கிறான். உனக்குக் கன்று பெரிதாகப் போய்விட்டதா?"

"மூணு காம்பு உங்களுக்கு, ஒரு காம்பு கன்னுக்கு. வெட்டறதுன்னா வெட்டுங்க ராசா. பிள்ளை பசிக்குதுன்னு உங்க வயிறு எரியுதில்ல? இந்த மாட்டையும் கொஞ்சம் பாருங்க."

ராஜா பார்த்தார். விழுந்து கிடந்த கன்றை எழுப்ப முடியாமல் பசு கதறிக்கொண்டிருந்தது. அவர் குனிந்தார். கன்று அவருடைய விரலை வாயில் கவ்விச் சப்பியது. வெறும் விரல். ராஜா வாளைக் கீழே வைத்தார்.

"இதுக்கு எப்படிக் கொடுக்கறது?" என்று கேட்டார்.

"விரலைப் பாலுல நனைச்சு வாயில வைங்க."

குருவம்மா நாலாவது காம்பிலிருந்து கறந்து கொடுத்த பாலில் ஒருமுறை நனைத்து வைத்தார். இரண்டாம் முறை வைத்தார். மூன்றாம் முறை வைத்தபோது விரலில் பட்டது மனிதப் பற்கள்!

ராஜா அலறினார். காவலர்கள் வாளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வைக்கோலில் கிடந்தான் இளவரசன், எலும்பும் தோலுமாக!

"அப்பா... என் பாலைப் பிடுங்கிட்டுப் போனது நம்ம ஆளுங்கதாம்ப்பா."

ராஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகனுக்கென்று பாயசம் காய்ச்சிக் காய்ச்சி, மகனையே பட்டினி போட்டிருக்கிறாரே! பசு மட்டும் எதற்கும் அசராமல் இளவரசனின் தலையை நக்கிக்கொண்டிருந்தது.

அன்றே அண்டாக்கள் ஊருக்குப் போயின. நெல், விளைவித்தவர்கள் வீட்டுக்கே திரும்பியது. ஆற்றங்கரை மேய்ச்சல் நிலம் முழுவதும் குருவம்மாவுக்கும் அவள் சனத்துக்கும் சொந்தமானது.

இளவரசனா? பிறகு அவனும் ராஜாவானான். எவ்வளவு பெரிய விருந்தானாலும், இலை போட்டதும் இரண்டு கேள்வி கேட்பான்.

"விளைய வெச்சவங்க சாப்பிட்டாங்களா? கன்னு குடிச்சுதா?"

ஆச்சு என்று பதில் வரும்வரை அவன் கை இலையைத் தொடாது.