ராஜாவை வெளியே விடக் கட்டளை இல்லை

ராஜா பாத்ரூமுக்குள் இருந்தார். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அதைத் திறக்கலாமா கூடாதா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

“கதவைத் தெறல காளி,” என்றார் ராஜா.

“அப்படி ஒரு கட்டளை கிடையாதுல்லா,” என்றேன்.

“ராஜாவை விடுதலை செய்னு நீ எழுதவே இல்லையே அண்ணே,” என்றாள் மந்திரி. “எழுதாதது நடக்கக் கூடாது.”

“மக்கள் என்ன சொல்லுதாங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மக்கள் தரையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். “மக்கள் இன்னும் கொதிச்சுப் போய்த்தான் இருக்காங்க,” என்று சொல்லிவிட்டு இன்னொரு முறுக்கை எடுத்தான்.

மணி மூன்று. நாலு மணிக்கு மேடம் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு நாங்கள் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு பிடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை நான் பல்லடம் போகிறேன். அங்கே என் சித்தப்பாவுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்குக் கோழிகள் போதும் என்பது எங்கப்பாவின் முடிவு. கோழிகளோடு எனக்குப் பகை கிடையாது. ஆனால் போன லீவில் அங்கே இருந்து பார்த்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பி வந்தபோது பஸ்ஸில் என் பக்கத்து சீட் எங்கள் சுரண்டை வரைக்கும் காலியாகவே வந்தது.

யார் யாரென்று சொல்லிவிடுகிறேன். ராஜா என்பது பொன்னுத்துரை. கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதத் தெரிந்தவன் எங்களில் அவன் ஒருத்தன்தான். மந்திரி அவன் தங்கச்சி முப்பிடாதி. நான் காளிராஜ், சேனாதிபதி. மக்கள் என்பது சேர்மக்கனி. சீமையில் பன்னிரண்டாயிரம் பேர் என்று விளையாட்டில் எழுதியிருக்கிறது, மொத்தமும் அவன்தான். ஒத்தையாளாக இருந்து அவ்வளவு பேருக்கும் கோபப்படுவது லேசில்லை என்று அடிக்கடி சொல்வான்.

விளையாட்டின் பெயர் ‘வெள்ளிமலைச் சீமை’. கோட்டை, மந்திரவாதி, குதிரை வீரர்கள், மலை உச்சியில் ஒரு டிராகன், எல்லாம் இருக்கிற பழைய காலத்துச் சீமை. அதை நீங்கள் ஆளவேண்டும். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ‘வரி வசூல் செய்’ என்று தட்டினால் ‘கஜானா நிரம்பியது, மக்கள் முறைக்கிறார்கள்’ என்று பதில் வரும். முதலில் படம் போடத்தான் நினைத்தோம். சேர்மக்கனி ஒரு டிராகன் வரைந்தான். முப்பிடாதியின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “நம்ம பெரியப்பாவை எப்பம்ல வரைஞ்ச?” என்று கேட்டார்கள். அதோடு எழுத்துக்கு மாறிவிட்டோம்.

தென்காசியில் ஒரு கணினிப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. பசங்கள் செய்ததை இருக்கிற இடத்துக்கே வந்து பார்த்து, பிடித்திருந்தால் ஒரு வருஷம் தங்க இடமும் கொடுத்துச் சொல்லியும் கொடுப்பார்கள். அங்கிருந்துதான் மேடம் வருகிறார்கள். எங்களுக்கு இது முதல் தடவை. அதனால் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஆவுடையப்பன் அண்ணனுக்கு போன் போட்டு யோசனை கேட்டோம்.

“ஒவ்வொரு கட்டளையையும் நீங்களே செஞ்சு பாத்திருங்கல,” என்றார் அண்ணன். “எழுதினது எல்லாம் நடக்கணும். எழுதாதது ஒண்ணுகூட நடந்திரக் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம்.”

கம்ப்யூட்டருக்குள்ளே செய்து பாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்படிச் செய்திருப்போம்.

ஆகவே அன்று காலையிலேயே சோதனையை ஆரம்பித்தோம். முதல் கட்டளை வரி வசூல். முரசு இல்லாததால் எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு நானும் சேர்மக்கனியும் காய்கறி மார்க்கெட்டுக்குப் போனோம். “வெள்ளிமலைச் சீமை ராஜா உத்தரவு. பத்துக் காயில ஒரு காய் அரண்மனைக்கு,” என்று அறிவித்தேன்.

கத்தரிக்காய் விற்கிற அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “எந்த ராஜா?”

“பொன்னுத்துரை ராஜா.”

“டெய்லர் மவன் பொன்னுத்துரையா? அவங்கப்பன்ட்ட என் ஜாக்கெட்டு ஆடி மாசத்துல இருந்து கெடக்கு. அதை முதல்ல வரியாக் கொண்டாங்க.”

ஒரு தக்காளி கிடைத்தது. அவள் அதைக் கொடுக்கவில்லை, எறிந்தாள். சேர்மக்கனியின் சட்டையிலிருந்து வழித்து எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்துக்குக் கஜானா என்று பெயர் வைத்தோம். கஜானா நிரம்பியது. சேர்மக்கனி முறைத்தான். எழுதியது எழுதியபடி நடந்ததில் எங்களுக்கு ரொம்பத் திருப்தி.

அடுத்தது அகழி. நாங்கள் வேலை செய்கிற அறை மாடியில் இருக்கிறது, கீழே தங்கமாரி அண்ணாச்சியின் மிளகாய் வத்தல் கடை. மாடியில் எப்படித் தோண்டுவது என்று மந்திரிசபை கூடி விவாதித்தது.

“தோண்டினா அண்ணாச்சி தலைமேல விழுவோம்,” என்றான் பொன்னுத்துரை.

“தரையைக் கீழே எறக்க முடியலன்னா கரையை மேல ஏத்துவோம்,” என்றாள் முப்பிடாதி. அவளுக்கு இந்த மாதிரி மூளை உண்டு.

லேப்டாப் இருக்கிற மேஜைதான் கோட்டை. அதைச் சுற்றிக் களிமண்ணால் இரண்டு கரை கட்டி நடுவில் தண்ணீர் விட்டோம். நாலு விரல் ஆழம், ஒரு முழம் அகலம். மேலே ஒரு பலகை போட்டு, அதுதான் பாலம். தண்ணீர் முழுவதையும் கீழே குழாயடியிலிருந்து குடத்தில் சுமந்தவன் சேர்மக்கனி, ஏனென்றால் அகழி வெட்டுவது மக்கள்தான் என்று எழுதியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி மேலே வந்தார். தலை நனைந்திருந்தது. “ஏல, என்னங்கல பண்ணுதிய? வத்தல் மூடை பூரா ஊறிட்டு.”

‘எதிரி வந்தால் பாலத்தைத் தூக்கு’ என்று ஒரு கட்டளை இருந்தது. தூக்கினேன். அண்ணாச்சி நினைத்திருந்தால் ஒரு எட்டில் தாண்டியிருக்கலாம். ஆனால் பாலம் தூக்கியதும் அவர் கரையிலேயே நின்றுவிட்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், “பலகையைப் போடுங்கல,” என்று கேட்டுப் பார்த்தார். கீழே வியாபாரத்துக்கு ஆள் கூப்பிடவும் இறங்கிப் போய்விட்டார். அகழி நன்றாக வேலை செய்கிறது.

அப்போதுதான் சேர்மக்கனி குடத்தைக் கீழே வைத்தான். “மக்கள் மகிழ்ச்சி தீர்ந்துபோச்சு,” என்றான்.

“எவ்வளவு இருக்கு?” என்று கேட்டான் பொன்னுத்துரை.

“ஒண்ணும் இல்ல. இடுப்பு வலிக்கு.”

மகிழ்ச்சி தீர்ந்தால் மக்கள் கிளர்ச்சி செய்து ராஜாவைச் சிறையில் அடைப்பார்கள். எழுதியது பொன்னுத்துரைதான். சேர்மக்கனி இயல்பில் சாது. “கிளர்ச்சி,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ராஜாவின் கையைப் பிடித்து, “பாத்து, வழுக்கும்,” என்று பாத்ரூமில் கொண்டுபோய் விட்டுத் தாழ்ப்பாள் போட்டான். நாங்கள் கை தட்டினோம். உள்ளேயிருந்து ராஜாவும் தட்டினார். அத்தனை நேரத்தில் அதுதான் சுத்தமாக நடந்த சோதனை.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் விடுதலைக்குக் கட்டளையே இல்லை என்பது தெரிந்தது. அங்கேதான் நான் கதையை ஆரம்பித்தேன்.

“சரில, நான் இப்பம் எழுதிருதேன், லேப்டாப்பை உள்ள கொண்டா,” என்றான் பொன்னுத்துரை.

லேப்டாப்புக்கு பேட்டரி செத்து நாளாகிறது. வயரை உருவினால் அணைந்துவிடும். வயர் பாத்ரூம் வரைக்கும் எட்டாது. பாத்ரூமை மேஜைப் பக்கம் நகர்த்த முடியுமா என்று சேர்மக்கனி கேட்டான். முடியாது என்று நான் உடனே சொல்லிவிட்டேன். எனக்கு இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் பொறுமை கிடையாது.

“அப்பம் நான் சொல்லச் சொல்ல நீ தட்டு காளி,” என்றான் பொன்னுத்துரை. “நான் சொன்னது சொன்னபடி வரணும். ஒரு எழுத்து விடாத.”

பாலத்தைத் தாண்டிப் போய் உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து அவன் சொன்னான், நான் தட்டினேன். நடுவில், “எழவு, கொசுல்லா கடிக்கு,” என்றான். தட்டினேன். “எங்க வரைக்கும் வந்துருக்க?” என்றான். தட்டினேன். “ஏம்ல வாயத் தெறக்க மாட்டங்க?” என்றான். அதையும் தட்டினேன். தட்டுகிற அவசரத்தில் வாயை எங்கே திறப்பது.

ஓட்டிப் பார்த்தோம். ‘ராஜாவை விடுதலை செய்’ என்று தட்டினால் ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்றே வந்தது. நான் தட்டியது எல்லாம் மந்திரவாதி பேசுகிற இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

“இனி யாரும் எதையும் தொடாதிய,” என்றான் பொன்னுத்துரை. “கதவைத் தெறங்க, போதும்.”

முப்பிடாதி யோசித்தாள். “கதவைத் தெறக்க ஒரு வழி இருக்கு,” என்றாள். “‘சிறையைப் பார்வையிடு’ன்னு கட்டளை இருக்குல்லா?”

இருந்தது. எங்களுக்கு அழுகை வராத குறை. மூன்று பேரும் வரிசையாகப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தோம். பொன்னுத்துரை வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தான்.

“சாப்பாடு சரியா இருக்கா?” என்று கேட்டேன். பார்வையிட்டால் அதைத்தான் கேட்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது.

“சாப்பாடே தரலயேல,” என்று சொல்லிக்கொண்டே அவன் வெளியே ஒரு காலை வைத்தான்.

“கைதி குறை சொன்னார்,” என்றாள் முப்பிடாதி. அண்ணனின் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டோம். பார்வையிடுதலும் ஒழுங்காக வேலை செய்கிறது.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. செண்பகவல்லி மேடம். கையில் ஹெல்மெட், முகத்தில் சிரிப்பு. படியேறும்போதே வத்தல் நெடி ஏறித் தும்மிக்கொண்டே வந்தார்கள். அகழியைப் பார்த்ததும் தும்மல் நின்றது.

“இது என்ன தம்பி?”

“அகழி மேடம். பாலத்து வழியா வாங்க.”

பாலத்து வழியாகவே வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் பலகையைத் தூக்கினேன். அவர்கள் விளையாட ஆரம்பித்தார்கள். நான் பல்லடத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.

முதலில் கோட்டை கட்டினார்கள். பிறகு டிராகனுக்கு ஆடு அனுப்பினார்கள். பிறகு ‘மந்திரவாதியிடம் யோசனை கேள்’ என்று தட்டினார்கள்.

‘எழவு, கொசுல்லா கடிக்கு,’ என்றார் மந்திரவாதி.

மேடம் திரையையே பார்த்தார்கள். மறுபடியும் கேட்டார்கள்.

‘ஏம்ல வாயத் தெறக்க மாட்டங்க?’

மேடம் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்து அகழிக்குள் ஒரு கால் இறங்கிவிட்டது. “நானும் எத்தனையோ மந்திரவாதி பாத்துட்டேன் தம்பி. எல்லாரும் ஒரே மாதிரி பேசுவாங்க. இவர்தான் மனுஷன். யார் எழுதினது?”

“ராஜா, மேடம்.”

“எங்க அவர்?”

“சிறையில இருக்காரு.”

“மேடம், நான் இங்க இருக்கேன்,” என்றது பாத்ரூம்.

“குரல்கூட வச்சிருக்கீங்களா?” என்று மேடம் ஆச்சரியப்பட்டார்கள். சந்தோஷத்தில் அடுத்தடுத்து வரி போட்டார்கள். மூன்றாவது வரியில் சேர்மக்கனி முறுக்கைக் கீழே வைத்தான். திரையில் வந்தது: ‘மக்கள் கிளர்ச்சி. ராஜா சிறையில் அடைக்கப்படுகிறார்.’

சேர்மக்கனி எழுந்து கையைத் துடைத்தான். “மேடம், வாங்க.”

“எங்க?”

“சிறைக்கு. எழுதியிருக்கு.”

“இதுவும் விளையாட்டோட சேந்ததா?” என்று மேடம் ஆசையாக எழுந்துவிட்டார்கள். பாலத்தைப் போட்டேன். பாத்ரூம் வாசல் வரைக்கும் அவர்களே முன்னால் நடந்தார்கள்.

அங்கே போன பிறகுதான் முப்பிடாதி தடுத்தாள். “ஒரு சிறைக்கு ஒரு ராஜாதான். உள்ள ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு.”

“அப்பம் புது ராஜா வந்தா பழைய ராஜாவை என்ன செய்யணும்?” என்று கேட்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் பாய்ந்து வந்தது. “நாடு கடத்தணும்ல. எழுதியிருக்கேன். நானே எழுதியிருக்கேன்.”

தாழ்ப்பாளைத் திறந்தோம். பொன்னுத்துரை மேடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, யாரும் கடத்துவதற்கு முன்னால் தானே கடந்து, படியில் நாலைந்தை ஒன்றாகத் தாண்டி ஓடினான். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். செங்கோட்டை பஸ் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. தாவி ஏறி, படியில் நின்று கையசைத்தான். அதற்குப் பிறகு எந்தெந்த எல்லையைத் தாண்டினானோ தெரியவில்லை. அவன் போன் மேஜையிலேயே கிடந்தது.

மேடம் உள்ளே போனார்கள். சேர்மக்கனி, “பாத்து, வழுக்கும்,” என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டான்.

கொஞ்ச நேரம் உள்ளே சிரிப்பு கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. கொசுவாக இருக்கும்.

“காளிராஜ்,” என்றார்கள் மேடம். “ரொம்ப நல்லாருக்கு. நாலு பேரையும் எடுத்துக்கிட்டேன். திங்கட்கிழமை தென்காசி வந்திருங்க. நான் ஆபீசுக்குப் போய்ப் பேரைக் குடுத்தாத்தான் இடம் உறுதி. அது அஞ்சரைக்குப் பூட்டிருவாங்க. கதவைத் திறங்க.”

எனக்குக் காலே தரையில் இல்லை. உடனே அப்பாவுக்கு போன் போட்டேன்.

“எடுத்துட்டாங்கப்பா. நான் பல்லடம் போவேண்டாம்.”

“நெசமாவால? அந்த மேடம்ட்ட குடு, நான் ஒரு வார்த்தை பேசுதேன்.”

“பேச முடியாதுப்பா. செயில்ல இருக்காங்க.”

அப்பா போனை வைத்துவிட்டார்.

“தம்பி, மணி அஞ்சாகுது,” என்றார்கள் மேடம். “கதவைத் திறந்து என்னை வெளிய விடு. உனக்காகத்தான் சொல்லுறேன்.”

முப்பிடாதியைப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினாள். விடுதலைக்குக் கட்டளை எழுதத் தெரிந்தவன் செங்கோட்டை பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறான். மக்களைப் பார்த்தேன். கொதித்துப் போய்த்தான் இருந்தான், ஆனால் முறுக்கு தீர்ந்துவிட்டது.

எனக்கு ஒன்றும் ஈவிரக்கம் இல்லாமல் இல்லை. போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். மேடம், “அப்பாடி,” என்று சொல்லி ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தார்கள்.

“சாப்பாடு சரியா இருக்கா மேடம்?” என்று கேட்டேன்.

“ஆபீசைப் பூட்டிருவாங்க தம்பி, விடு,” என்றார்கள். வெளியே விடச் சொன்னார்கள், அது எனக்கு நன்றாகத்தான் கேட்டது. விடவில்லை.