யாருக்கு வந்த தாள்

"நீ சொல்லிக் குடுத்தது தப்பு. ஒரு தாளும் வரல."

வகுப்புக்குள்ள கால வச்சதும் சௌந்தரவல்லி டீச்சர் சொன்ன மொத வார்த்தை இதுதான். செருப்பக்கூட இன்னும் கழட்டல.

ரஹீமா ஒரு வயரோட நுனியச் சீவிக்கிட்டிருந்தா. தலை நிமிரல.

"உக்காருங்க டீச்சர்."

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அங்க பாடம் நடத்துறவ ரஹீமாதான். வயசு இருவத்தாறு. மன்னார்குடில ஒரு மருந்துக்கடைக்கு மேல ஒத்த ரூம்ல, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, கம்ப்யூட்டர், போன், பிரிண்டர் எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பேச வைக்கிறதுன்னு சொல்லித் தர்றா. படிக்க வந்தவங்கதான் சௌந்தரவல்லி. வயசு அம்பத்தொம்பது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்கு எடுத்தவங்க. இதே ரஹீமாவுக்கு எட்டாப்புல எடுத்தவங்க. அரைப் பரீட்சைல பதினோரு மார்க்கு போட்டு, பேப்பர அவ பெஞ்சு மேல வீசினவங்க.

அதனால அங்க குரு, சிஷ்யைய "டீச்சர்"ம்பா. சிஷ்யை குருவ "ஏண்டி"ம்பாங்க. கூடப் படிக்கிற ஆறு பேரும் சிரிப்ப மென்னு முழுங்குவாங்க.

வேலைல இருந்து ஓய்வு வாங்கியாச்சு. வாய்க்கு இன்னும் ஓய்வு குடுக்கல. போர்டுல படம் போட்டா கோடு கோணலா இருக்கும்பாங்க. கேள்வி கேட்டா, கேள்வியே சரியில்லம்பாங்க. வகுப்பு முடியிறதுக்குள்ள நாலு சண்டை. ஆனா ஒரு சனிக்கிழமை விட்டதில்ல.

அவங்களுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கீழ ஹால்ல இருக்குற பிரிண்டர், மாடில குடியிருக்குற மக சுடர்க்கொடியோட லேப்டாப்புக்கு வயர் இல்லாம எட்டணும்.

மொத சனிக்கிழமை கேட்டப்போ ரஹீமா ரெண்டே வரிதான் சொன்னா. பிரிண்டர வீட்டு வைஃபைல சேருங்க, மாடி லேப்டாப்பும் அதே வைஃபைலதானே இருக்கு, ஒண்ண ஒண்ணு தானாக் கண்டுக்கும்னா.

சேத்தாங்க. கரண்ட் போய் வந்தா பிரிண்டர் காணாமப் போச்சு.

ரெண்டாவது சனிக்கிழமை அதுக்கும் வழி சொன்னா. கரண்ட் போய் வந்தா அதுக்கு வேற நம்பர் விழுது, ரவுட்டர்ல போயி இதுக்கு இதுதான் நம்பர்னு நிரந்தரமாப் பதிஞ்சிடுங்கன்னா.

பதிஞ்சாங்க. அப்புறம் காணாமப் போகல.

இப்போ மூணாவது சனிக்கிழமை.

"உங்க போன்லருந்து அனுப்பிப் பாத்தீங்களா?"

"மாடிப்படி உச்சில நின்னு அனுப்புனேன். மளிகை லிஸ்ட் வந்துது."

"அப்ப நெட்வொர்க் சரியாத்தான் இருக்கு."

"பின்ன ஏண்டி அவகிட்டருந்து ஒண்ணும் வரல?"

ரஹீமா கையிலிருந்த வயரக் கீழ வச்சா.

"அது சிலபஸ்ல இல்ல டீச்சர்."

ஆறு பேரும் சிரிச்சிட்டாங்க. சௌந்தரவல்லிக்குக் காது வரைக்கும் சுட்டுது. ஒழுங்கா ஒரு பிரிண்டரப் பேச வைக்கத் துப்பில்ல, இதுல போர்டு ஒரு கேடு, நோட்டு ஒரு கேடுன்னு பொரிஞ்சு தள்ளிட்டு, பையத் தூக்கிக்கிட்டுக் கதவு வரைக்கும் போனாங்க.

அங்கயே நின்னாங்க. வகுப்பு முடிஞ்சு ஆறு பேரும் எறங்கிப் போற வரைக்கும் நின்னாங்க.

அப்புறம் திரும்பி வந்து, முன் பெஞ்சுல உக்காந்தாங்க.

"அவ எங்கிட்டப் பேசி எட்டு மாசம் ஆச்சு"ன்னாங்க.



மாடி முன்னாடி வாடகைக்கு விட்டிருந்த மாடி. தனி அடுப்படி இருக்கு, வெளிப்பக்கமா ஒரு படிக்கட்டும் இருக்கு. சுடர் அதுலயே ஏறுறா, அதுலயே எறங்குறா. வேலையும் அங்கயே, சோறும் அங்கயே. ஆனா பிரிண்டர் இருக்குறது ஹால்ல. அனுப்புறது எங்கருந்து அனுப்புனாலும் தாள் வந்து விழுறது கீழதான். அத எடுக்கவாவது உள் படிக்கட்டுல எறங்கி வந்துதானே ஆவணும். சௌந்தரவல்லி போட்ட கணக்கு அதுதான்.

ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாதே. பழசெல்லாம் வந்துது.

வீட்டுக்கு மொத பிரிண்டர் வாங்குனப்போ சுடர் ஆறாப்பு. அப்ப வயர்தான். கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல மிஷினு, மிஷினுக்குப் பக்கத்துல இந்தக் குட்டி. முட்டி போட்டு, மோவாயத் தட்டுல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அது ஒரு கோடு அடிக்கும், நிக்கும், முக்கும், அடுத்த கோடு அடிக்கும். முழுப்படம் வர்றதுக்குள்ள யாரு மொதல்ல கண்டுபிடிக்கிறாங்கன்னு ரெண்டு பேருக்கும் போட்டி. தும்பிக்கை நுனி மட்டும் எட்டிப் பாக்கும், "மலைப்பாம்பு"ன்னு கத்துவா. யானைன்னு தெரிஞ்சே கத்துவா. அம்மா சிரிக்கணும், அதுக்காக.

ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்குப் படம் அடிக்கிறப்போ நீல மை தீந்து போயி, காவேரி ரோஸ் கலர்ல ஓடுச்சு. அப்படியே நோட்டுல ஒட்டிக் குடுத்து விட்டாங்க. 'சாயங்கால நேரத்துக் காவேரி'ன்னு கீழ எழுதிட்டுப் போனாளாம். எழுதினது யாரு, ஆறாப்புப் புள்ள.

"நீ பாத்திருக்கியாடி, அப்படி ஒரு புள்ளைய?"

"எட்டு மாசம் முன்னாடி என்னாச்சு டீச்சர்?"

சௌந்தரவல்லி பையோட வார முறுக்குனாங்க.

வேலைய விடுறேன்னு ஆபீசுக்குக் கடிதம் ஒண்ணு அடிச்சிருக்கா. பென் டிரைவுல கொண்டு வந்து சொருகி, பிரிண்ட் குடுத்துட்டு, போன் வந்துச்சுன்னு மேல ஓடிட்டா. தாள் வந்து விழுந்துது. சௌந்தரவல்லி எடுத்தாங்க. படிச்சாங்க. சென்னைல இருக்குற சித்தப்பாவுக்குப் போன் போட்டாங்க. அவரு கோயம்புத்தூர்ல இருக்குற அத்தைக்குப் போட்டாரு. சுடர் கீழ எறங்கி வர்றப்போ மொத்தக் குடும்பமும் அவளுக்குப் புத்தி சொல்ல வரிசைல நின்னுது.

"கடிதத்துல தப்பு ஏதாவது இருந்துச்சா?"ன்னு கேட்டா ரஹீமா.

"மூணு எடத்துல."

"திருத்துனீங்களா?"

"திருத்தாமப் பின்ன? செவப்பு மசியில திருத்தி, வந்த எடத்துலயே வச்சேன்."

ரஹீமா கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிட்டா. தொறந்தப்போ, நாளைக்கு வீட்டுக்கு வர்றேன்னா.

ஞாயித்துக்கெழமை வந்தா. ஹால ஒரு சுத்து பாத்தா. பிரிண்டர் சன்னலோரமா இருந்துது. அதுக்கு ஒரு மொழம் தள்ளி ஒரு நாற்காலி, அது மேல கண்ணாடிக் கூடு.

"இது யாரு ஒக்கார்ற எடம்?"

"நான்தான். தாள் வந்தா பறந்துறக் கூடாதுல்ல. உடனே எடுக்கத் தோதா இருக்கும்."

ரஹீமா தலைய ஆட்டிக்கிட்டா. வைஃபை பாஸ்வேர்டக் கேட்டு வாங்கித் தன் போன்ல போட்டா. வாசல் கேட்டு வரைக்கும் எட்டுதான்னு பாத்துட்டு வர்றேன்னு வெளிய போனா.

ரெண்டு நிமிஷம் கழிச்சு மிஷின் முனகுச்சு. தாள உள்ள இழுத்துது. கோடு கோடா அடிச்சுது.

அது கீழ விழுந்துச்சோ இல்லியோ, சௌந்தரவல்லி கையில இருந்துது. கண்ணாடியும் மூக்குல ஏறிடுச்சு. கேட்டுல நிக்கிறவளுக்கும் கேக்கட்டும்னு, நாப்பது புள்ளைங்களுக்குக் கேக்குற கொரல்ல, உரக்கப் படிச்சாங்க.

"எங்க அத்தா எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு. அம்மா ரெண்டு நாளா சாப்பிடல. நீ யார்கிட்டயும் சொல்லிடாத."

படிச்சு முடிச்ச பெறகுதான் ஒறச்சுது.

இத இதுக்கு முன்னாடி படிச்சிருக்காங்க. இதே கொரல்ல.

எட்டாப்பு பி பிரிவு. சாப்பாட்டு மணி அடிச்சு முடிஞ்ச மொத வகுப்பு. மூணாவது பெஞ்சுலருந்து நாலாவது பெஞ்சுக்குப் போன துண்டுச் சீட்டு. அந்தக் காலத்துல சௌந்தரவல்லி டீச்சர் வகுப்புல சீட்டு புடிபட்டா, எழுதின புள்ளைய நிக்க வச்சு எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவாங்க. அதோட புள்ளைங்க சீட்டு எழுதுறத விட்டுடும். அன்னைக்கும் படிச்சுக் காட்டுனாங்க. படிச்சு முடிச்சிட்டு, 'அப்பா எத்தன கிலோமீட்டர் தூரம் போயிருப்பாருன்னு கணக்கப் போட்டுக் கண்டுபிடி'ன்னாங்க. வகுப்பு சிரிச்சுது. மூணாவது பெஞ்சுல நின்ன புள்ளையோட காது ரெண்டும் செவந்து போச்சு.

அந்த அரைப் பரீட்சைலதான் பதினோரு மார்க்கு.

ரஹீமா உள்ள வந்து நின்னா.

"மேல பேரு போட்டிருந்தேனே டீச்சர்."

சௌந்தரவல்லி தாளத் திரும்பப் பாத்தாங்க. மேல இருந்துது. 'பெனாசிருக்கு மட்டும்.' நாலாவது பெஞ்சுப் புள்ள.

"அன்னைக்கும் போட்டிருந்தேன்"னா ரஹீமா.

அவ கொரல்ல கோவம் இல்ல. அது இருந்திருந்தா சௌந்தரவல்லிக்கு வசதியா இருந்திருக்கும். அத்தன புள்ளைங்கள வச்சு மேய்க்கிறது லேசுன்னு நெனச்சியான்னு வாயத் தொறந்தாங்க. பாதில விட்டுட்டாங்க. எடுத்த சண்டைய அவங்க முடிக்காம விட்டது அதுதான் மொத தடவை.

ரஹீமா தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சா. சொம்பக் கீழ வச்சா. செருப்ப மாட்டுனா.

"பிரிண்டர் நல்லா வேலை செய்யுது டீச்சர்."

போயிட்டா.

மேல மாடில கதவு சாத்துற சத்தம் கேட்டுது. அவ்வளவு நேரம் தொறந்து இருந்திருக்கு.

திங்கக்கெழமை காலைல சௌந்தரவல்லி பிரிண்டர மேசையோட இழுத்தாங்க. இடுப்பு புடிச்சுக்கிச்சு. யாரையும் கூப்பிடல. வயரில்லாத மிஷின், பிளக்கு இருக்குற எடத்துல எங்க வேணா நிக்கும். உள் படிக்கட்டு முடியிற எடத்துல கொண்டு போய் நிறுத்துனாங்க. தாள் விழுற வாயப் படிக்கட்டுப் பக்கமாத் திருப்பி வச்சாங்க. நாற்காலி மட்டும் சன்னலோரமா நின்னுது, முன்னால வேடிக்கை பாக்கத் தெருவத் தவிர ஒண்ணும் இல்லாம.

மாடிக்கு ஒண்ணும் சொல்லி விடல.

செவ்வாய் போச்சு. பொதனும் போச்சு.

வியாழக்கெழமை நாலு மணி இருக்கும். சௌந்தரவல்லி சன்னலோரமாக் கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தாங்க.

மிஷின் முனகுச்சு.

கை நின்னு போச்சு. தாள் உள்ள இழுபடுற சத்தம். விழுற சத்தம். எழுந்து ஆறு எட்டு வச்சா போதும். ஆறு எட்டுல வேற ஊருக்கு வேலைக்குப் போற கடிதமா, கல்யாண சமாசாரமா, டாக்டர் சீட்டா, எல்லாம் தெரிஞ்சிடும். எட்டு மாசமாக் காத்திருந்தது இந்த ஒரு தாளுக்குத்தான், சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறுனதும் இதுக்குத்தான்.

படிக்கட்டுல யாரும் எறங்கி வரல.

பத்து நிமிஷம் ஆச்சு. ஒரு கட்டுக் கீரை ஆஞ்சாச்சு. எது தண்டு, எது எலைன்னு பாக்காம எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டிருக்காங்க. மொகம் தெருப் பக்கமே இருந்துது. கழுத்து வலிச்சுது.

அப்புறம் படிக்கட்டுல காலடி கேட்டுது. உள் படிக்கட்டுல. எட்டு மாசத்துக்கு அப்புறம்.

சுடர் எறங்கி வந்தா. தாள எடுத்தா. அங்கயே நின்னா.

"அம்மா, இதுல என்ன இருக்கு?"

"எனக்கென்ன தெரியும். உன் தாளு."

"பாக்கல?"

"பாக்கல."

சுடர் வந்து தாள அவங்க முன்னால நீட்டுனா. சௌந்தரவல்லி கைய மடியிலயே வச்சுக்கிட்டாங்க. அவளே திருப்பித் திருப்பிக் காட்டுனா. முன்னாடி ஒண்ணும் இல்ல. பின்னாடியும் ஒண்ணும் இல்ல. வெறும் தாளு.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த வெறும் தாளையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

சுடர் அத நாலா மடிச்சு எடுத்துக்கிட்டு மேல போனா. கதவு சாத்துற சத்தம் கேக்கல.

சௌந்தரவல்லி ரெண்டாவது கீரைக் கட்டப் பிரிச்சாங்க.

மிஷின் மறுபடி முனகுச்சு. அவங்க மொகத்தத் தெருப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

மேலருந்து சுடர் கொரல் வந்துது.

"அம்மா, அது வந்ததும் எடுத்துக்கிட்டு மேல வா."